மொட்டை மாடிக்கு நன்றி

ஆண்டின் கடைசி இரவில் நமது பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நன்றி வழிபாட்டிற்கு வரும் குடும்பங்கள், அவ்வாண்டில் தாம் பெற்ற நன்மைகளை ஒரு தாளில் எழுதி, பீடத்தருகே வைக்கப்பட்டிருக்கும் பனையோலைப் பெட்டியில் இடுவார்கள். பெயர் எழுத வேண்டுவதில்லை. மறுநாள் புத்தாண்டுத் திருப்பலி முடிந்தபின் நாம் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத் தூபக்கால் நெருப்பில் இட்டுவிடுவோம். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, தாய்க்குக் கண் அறுவை நலமாய் முடிந்தது, பசு ஈன்றது, கடனில் பாதி அடைந்தது என்று இவ்வாறே இருக்கும். படித்துப் படித்து, கையெழுத்தைக் கொண்டே இன்ன வீட்டுத் தாள் என்று கண்டுகொள்ளும் விரும்பத்தகாத திறமையும் நமக்கு வாய்த்துவிட்டது.

2023-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பெட்டியில் விழுந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்றில், தையல்காரர் துணியில் கோடிழுக்கும் நீலச் சாக்குக்கட்டியால் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: “மொட்டை மாடிக்கு நன்றி.”

அத்தாளை எழுதிய கை எது என்று அறிய நமக்குத் திறமை ஒன்றும் தேவைப்படவில்லை. ஆற்றோரத் தெருவில் குடியிருக்கும் தம்பதியர் அவர்கள். கணவர் வாழைக்காய்க் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். மனைவி வீட்டிலிருந்தே துணி தைப்பவர். பன்னிரண்டு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன், கணவரின் வயது முதிர்ந்த தாய் என ஐந்து பேர். அடுத்த ஓராண்டில் அவர்கள் தங்கள் வீட்டைச் செப்பனிட்ட வரலாறே இக்கட்டுரை. எழுத அனுமதி கேட்டபோது, பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாளை நமது பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அது. மகிழ்ச்சியின் ஞாயிறு என்பார்கள். குருக்கள் ஊதா நிறத்தை விட்டு ரோசா நிறத் திருவுடை அணியலாம். அன்றைய இரண்டாம் வாசகம் தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வந்தது. எப்பொழுதும் மகிழ்ந்திருங்கள், எந்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று பவுலடியார் அறிவுறுத்தும் பகுதி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே நாம் அதைக் குறித்து மிகச் சரளமாகவே மறையுரை ஆற்றினோம். அன்று இரவுக்குள் அம்மறையுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழியிருந்தால் பெற்றுக்கொண்டிருப்போம்.

மறுநாட்காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டியதைக் காட்டிலும் மிகுதியான மழை ஒரே நாளில் பெய்துவிட்டது. தாமிரபரணி இருகரையும் புரண்டாள். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோன செய்தியை நாடெங்கும் அறிவார்கள். ஆற்றோரத் தெருவின் செய்தி எப்பத்திரிகையிலும் வரவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அவ்வீட்டினுள் தண்ணீர் புகுந்தது. அது நாட்டு ஓடு வேய்ந்த, மண்சாந்தில் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய வீடு. ஏறி நிற்க மாடி கிடையாது. மனைவி பிள்ளைகள் இருவரையும் பிடித்துக்கொண்டு தெற்கு வீட்டிற்கு ஓடினார். கணவர் தம் தாயைத் தூக்கிவரத் திரும்பினார். தெற்கு வீட்டார் அம்மன் கோயில் கொடையில் முன்னின்று உழைக்கும் குடும்பம். அவர்களுடையது காங்கிரீட் வீடு. கட்டி முடிக்கும் தறுவாயில் பணம் தீர்ந்துபோனதால் மாடியில் கைப்பிடிச்சுவர் எழுப்பாமலே விட்டிருந்தார்கள். உண்மையிலேயே அது மொட்டை மாடிதான். அந்த மாடியில் இரண்டு இரவும் ஒரு பகலும் பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு தார்ப்பாயும், ஒரு பை நிலக்கடலையும், மழைநீர் பிடிக்க ஓர் அலுமினியப் பானையும் அவர்களுடைய சொத்து. மூன்றாம் நாள் காலை, கடற்கரையூரிலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள் அவர்களை இறக்கி, மேட்டிலிருந்த நம் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டிசம்பர் 31 அவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையாய் அமைந்தது. ஆகவே திருக்குடும்பத் திருநாளும் ஆண்டிறுதி நன்றி வழிபாடும் ஒரே நாளில் வந்தன. ‘தெ தேயும்’ என்னும் பழைய நன்றிப் பாடலை ஆண்டின் இறுதி நாளில் பாடுவது திருச்சபையின் மரபு. பாடலைத் தொடங்க நமக்கு நா எழவில்லை. எழாமல் நின்ற அந்த வேளையில், பின்வரிசையிலிருந்து வயது முதிர்ந்த பெண் ஒருவர் தாமாகவே தொடங்கிவிட்டார். அவர்தான் இவ்வீட்டுக் கிழவியார். அவரைத் தொடர்ந்து கோயில் முழுவதும் பாடிற்று. பிற்பாடு நாம் அவரிடம், இவ்வளவு இழந்தபின் எதற்காக நன்றி பாடினீர்கள் என்று கேட்டோம். வெற்றிலை இடிக்கும் உரல் சேற்றுக்குள்ளிருந்து கிடைத்துவிட்டது என்றார்.

இனி வீட்டு வேலைக்கு வருவோம்.

வெள்ளம் வடிந்தபோது சமையற்கட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. மற்றச் சுவர்களில் ஐந்தடி உயரத்தில் சேற்றுக் கோடு. கூரையில் இரண்டு பனங்கைகள் செல்லரித்து ஒடியும் நிலையில் இருந்தன. தரையெங்கும் ஒரு சாண் வண்டல். அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்தார்கள். அது ஓடினால்தான் மற்றவை ஓடும் என்பது மனைவியின் கணக்கு. கணவர் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணம் கொஞ்சம் இருந்தது. அது வீட்டின் முன்புறம் போர்ட்டிகோ எழுப்புவதற்கென்று அவர் பல ஆண்டுகளாக ஒதுக்கிவைத்த பணம். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கக்கூடாது என்று காரணம் சொல்வார். பன்னிரண்டு வயது மகளுக்கு! ஆயினும் அவரை நாம் குறைகூறமாட்டோம். வீட்டின் முகப்பிற்காகத் தகப்பன்மார் படும் பாட்டை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். மந்திரிக்க அழைக்கப்பட்டுச் செல்லும் புதுவீடுகள் சிலவற்றில், முகப்புச் சுவரில் பளிங்குக் கல் பதித்திருப்பார்கள். சமையற்கட்டிலோ புகை போக ஓர் ஓட்டைகூட இராது.

இவ்விடத்தில் நம் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பாஸ்கா விழாவுக்குள் வீடு வீடாய்த் தெரியவேண்டும் என்று நாம்தாம் அவர்களை அவசரப்படுத்தினோம். ஈரச் சுவரைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசிவிடுங்கள், உறுதியாக இருக்கும் என்று ஆலோசனையும் கூறினோம். குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் பயின்றோமேயன்றிச் சுவரியல் பயிலவில்லை. பூசினார்கள். வெயில் ஏறியதும் பூச்சு ஆங்காங்கே குமிழிட்டது. வெண்மையாய் உப்புப் பூத்தது. மே மாதம் பலகை பலகையாக உதிர்ந்து விழுந்தது. கூலியும் சிமெண்டும் வீண்.

பிறகு வந்து பார்த்த முதிய கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சுவர் மூச்சு விடணும் சாமி. வாயைப் பொத்திட்டீங்க” என்றார். செங்கல்லும் மண்சாந்தும் நீரை உறிஞ்சும் இயல்புடையவை. உறிஞ்சிய நீர் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். சிமெண்டுப் பூச்சு அதற்கு இடங்கொடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்து, பூச்சுக்கும் சுவருக்கும் இடையே கொண்டுவந்து சேர்த்துப் பிளந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளிவிடும். மேலும், எந்தப் பூச்சானாலும் சுவர் உள்ளுக்குள் உலர்ந்தபின்தான் பூசவேண்டும். அவர் சொற்படி ஒரு கோடைகாலம் முழுவதும் சுவர்களை வெறுமையாகவே விட்டுவைத்தார்கள். கதவு சன்னல்கள் பகலெல்லாம் திறந்தே கிடந்தன.

அதன்பின் வீட்டுக்குப் பின்புறம் ஒரு குழி வெட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டி நீர் ஊற்றி நீற்றினார்கள். கொதித்துக் குமுறி அடங்கிய சுண்ணாம்பை ஒரு வாரத்திற்குமேல் நீருக்கடியிலேயே வைத்திருந்தார்கள். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு நீரில் ஊறப்போட்டு, புளித்த அந்நீரை விட்டுச் சாந்து குழைக்கவேண்டும் என்பது கொத்தனாரின் கட்டளை. கடுக்காய் இடிக்கும் வேலையைக் கிழவியார் தம் வெற்றிலை உரலில் செய்ய முன்வந்து, இரண்டு நாளில் கைவிட்டார். பூச்சு வேலையைக் கொத்தனார் செய்தார். வெள்ளையடிக்கும் வேலையைக் கணவனும் மனைவியும் தாங்களே செய்தார்கள். பகலில் மண்டியும் தையலும். இரவு உணவுக்குப்பின் எட்டிலிருந்து பத்து மணிவரை சுண்ணாம்பு. அவர் ஏணிமேல், அவ்வம்மையார் வாளியண்டை. மூன்று பூச்சு. ஒருநாள் இரவு நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு அவ்வழியே வந்த நாம், திறந்திருந்த வாசல் வழியாக அவர்களைக் கண்டோம். அவர் தலையெல்லாம் வெள்ளைத் துளிகள். நீலம் அதிகமாய்ப் போட்டுவிட்டதாக இருவருக்கும் வாக்குவாதம். உள்ளே நுழையாமல் வந்துவிட்டோம். திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் பேசும் பேச்சுகளுக்குப் பதிலாக, மணமக்களை ஒரு வாரம் சேர்ந்து வெள்ளையடிக்கச் சொன்னால் என்ன என்று அன்று நமக்குத் தோன்றியது உண்மை.

சிறு வேலைகள் சில உண்டு. மின்சாரச் சுவிட்சுப் பலகைகளை எல்லாம் சேற்றுக் கோட்டுக்கு மேலே ஏற்றினார்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினார்கள். ஒடிந்த பனங்கைகளுக்கு வைரம் பாய்ந்த புதுக் கைகள் போட்டார்கள். ஓட்டுக்கடியில் பனம்பலகையால் ஒரு பரண். அதன்மேல் ஒரு தகரப்பெட்டி. பெட்டிக்குள் பத்திரம், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், திருமுழுக்குச் சான்று. இப்பரண் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும் என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். வெள்ளத்திற்குப் பிந்திய நான்கு மாதங்கள் நாம் செய்த பெரும்பணி, நனைந்துபோன சான்றுகளுக்குப் பதில் சான்று எழுதிக்கொடுத்ததே.

எஞ்சியது விழுந்துபோன சமையற்கட்டு. அதை மீண்டும் கட்டும்போது காங்கிரீட் தளம் போட்டு, மாடியில் ஏறி நிற்க வழி செய்துவிடவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றே. போர்ட்டிகோப் பணத்தைக் கணவர் மனமின்றியேனும் இதற்கு விட்டுக்கொடுத்தார். மனைவி மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தார். 2024 ஆகஸ்டில் வானம் தோண்டினார்கள். மாடிப்படி எங்கே வருவது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஏறவேண்டும் என்றார் கணவர். வெளியே, சந்தை நோக்கி வேண்டும் என்றார் மனைவி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே படி இருந்தால் போகிறவன் வருகிறவனெல்லாம் ஏறுவான், திருட்டுப் பயம், வளரும் பெண்பிள்ளை இருக்கும் வீடு. அம்மையார் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லவில்லை. வெளியேதான் வேண்டும் என்பதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. காரணம் சொல்லாத பிடிவாதம் ஆண்மக்களுக்குச் சினமூட்டும். ஒன்பது நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமானால் மகள் தூது போனாள். நாமும் நடுவே புகுந்து, முன்புறத்தில் ஓர் இரும்புக் கதவு போட்டுக்கொள்ளலாமே என்றெல்லாம் சமரசம் பேசிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை, அந்த மாதத்து அன்பியக் கூட்டத்திற்கு இருவரும் தனித்தனியே வந்தார்கள் என்பதே கண்ட பலன்.

பத்தாம் நாள் இரவு அம்மையார் வாய் திறந்தார். அவர் கூறியதைக் கணவரே பிறகு நம்மிடம் சொன்னார்; சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ள இரவில் தெற்கு வீட்டுக்கு ஓடிய அவ்வம்மையார் கதவைத் தட்டினார். உள்ளே எல்லாரும் அயர்ந்த தூக்கம்; மழை இரைச்சலில் தட்டும் ஓசை எட்டவில்லை. மாடிப்படியோ வீட்டுக்குள். தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிற்று. ஒரு கையால் மகனைத் தோளில் தாங்கி, மறுகையால் கதவை அடித்துக்கொண்டே நின்றார். மகள் அவர் சேலையைப் பற்றிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. கதவு திறந்தபோது மகளுக்குத் தண்ணீர் மார்பளவு. அதற்குப்பின்னரே கணவர் தாயைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். அப்போது கதவு திறந்திருந்தது. ஆகவே அவருக்கு இது தெரியாது. கதவைத் திறந்து உயிர் காத்தவர்களைக் குறைசொன்னதாக ஆகிவிடுமே என்று அம்மையார் எட்டு மாதமாக எவரிடமும் இதைச் சொல்லவில்லை. அன்றிரவு கணவரிடம் சொல்லிவிட்டு, “நம்ம வீட்டு வாசலில் ஒருத்தி அப்படி நின்னு தட்டக்கூடாது. அவ்வளவுதான்” என்றாராம்.

மறுநாள் விடியுமுன் கணவர் எழுந்து, தையல் சாக்குக்கட்டியை எடுத்துப்போய், சந்தை நோக்கிய பக்கத்தில் படிக்குக் கோடு போட்டுவிட்டார்.

பழைய ஏற்பாட்டில் அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி வருகிறாள். அவ்வழியே வந்துபோகும் எலிசா இறைவாக்கினர் தங்குவதற்கென மாடியில் சுவர் வைத்து ஒரு சிற்றறை கட்டுவோம். கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைப்போம் என்று தன் கணவனிடம் கூறுகிறாள். அதற்கு அவன் என்ன மறுமொழி சொன்னான் என்பதை நூலாசிரியர் எழுதவில்லை. அறை கட்டப்பட்டது என்பது மட்டும் தெரிகிறது. அவனும் ஒன்பது நாள் பேசாமலிருந்தானோ என்னவோ, நாம் அறியோம்.

மோசேயின் சட்டத்தில் இதைவிடத் தெளிவான கட்டளை ஒன்றுண்டு. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். யாரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தின் கருத்து. அந்நாட்டு வீடுகளின் கூரைகள் தட்டையானவை. மக்கள் அங்கே உறங்கினார்கள், சணல் தட்டைகளை உலர்த்தினார்கள். எரிகோவில் இராகாபு ஒற்றர்களை ஒளித்துவைத்தது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்கடியில்தான். திருமறை நூலில் வழிபாட்டு முறைகளுக்கு நடுவே கொத்தனாருக்கான ஒரு விதியும் இருப்பது நமக்கு எப்போதும் பிடித்தமான செய்தி. ஆனால் முப்பதாண்டுக் குருத்துவத்தில் இவ்வசனத்தைக் குறித்து நாம் ஒருமுறையும் மறையுரை ஆற்றியதில்லை.

இத்தம்பதியர் அவ்வசனத்தை அறிந்திருந்தார்களா என்று தெரியாது. ஆனால் செய்தது இது: தங்கள் தளத்திற்கென இறக்கிய செங்கல்லிலிருந்தும் சிமெண்டிலிருந்தும் முதலில் எடுத்துத் தெற்கு வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டினார்கள். அந்த இரண்டு இரவுகளிலும் சுவரில்லாத விளிம்பில் யாரும் உருண்டுவிடாதபடி, பெரியவர்கள் வெளிவட்டமாகவும் பிள்ளைகள் நடுவிலுமாகப் படுத்திருந்தார்களாம். மனைவி தம் மகனின் காலைச் சேலை முந்தியால் தம் கையோடு கட்டி வைத்திருந்தாராம். தெற்கு வீட்டார் முதலில் ஒப்பவில்லை. கூலியையாவது தாங்கள் கொடுப்பதாகச் சொன்னார்கள். இறுதியில் கொத்தனார் கூலி அவர்களுடையது, பொருள் இவர்களுடையது என்று முடிந்தது. இரு வீட்டு ஆண்களும் ஒரு ஞாயிறு பிற்பகல் முழுவதும் செங்கல் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது குற்றமா சாமி என்று கணவர் பிறகு நம்மிடம் கேட்டார். பள்ளத்தில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடமாட்டீர்களா என்று ஆண்டவர் கேட்டதை நினைவூட்டி அனுப்பினோம்.

கைப்பிடிச்சுவருக்குச் செலவானதால் இவர்கள் வீட்டுப் படிக்குப் பூச்சு வேலை நின்றுபோயிற்று. நவம்பரில் தளம் முடிந்தது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, இரண்டு வாரம் காலையும் மாலையும் பிள்ளைகள் நீர் ஊற்றினார்கள். படிகள் இருபது; ஒவ்வொன்றும் ஆறங்குல உயரமே; கிழவியார் ஏறவேண்டும் என்பதற்காக அந்தக் கணக்கு. பூசப்படாத செங்கல் படிகள் பார்ப்பதற்கு அழகாயில்லை. இன்றும் அவ்வாறே உள்ளன. சந்துப் பக்கம் ஒரு சிறு கதவு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இல்லை. மகள் இருக்கும் வீடு என்ற கணவரின் கவலைக்கு மாற்றாக, மாடியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் வழி எதுவும் வைக்கவில்லை.

2024 டிசம்பர் 13-ஆம் நாள் மீண்டும் பெருமழை. மலையில் விடாது பெய்த மழையால் ஆறு கரைபுரளத் தொடங்கிற்று. தெருவினர் எவரும் உறங்கவில்லை. ஓராண்டுக்கு முந்திய அச்சம் எல்லார் எலும்பிலும் இருந்தது. நாம் கோயில் மண்டபத்தைத் திறந்துவைத்துவிட்டு, டார்ச் விளக்கோடு ஆற்றோரத் தெருவுக்குப் போனோம். அப்பூசாத படிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பாயும் போர்வையுமாக ஒரு குடும்பம். கோழிக்கூண்டோடு ஒரு பெண். படிப்புத்தகப் பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சிறுவன். தெற்கு வீட்டு மாடியிலும் அவ்வாறே ஆட்கள். இரு மாடிகளுக்கும் இடையே தேநீர்த் தூக்கு ஒன்று கயிற்றில் போய்வந்துகொண்டிருந்தது. கணவர் கீழே நின்று, படியேறும் முதியவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு தண்ணீர் தெருவுக்குள் வரவில்லை. விடிந்ததும் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். கோழிக்கூண்டு மட்டும் நண்பகல்வரை மாடியிலேயே இருந்ததாகக் கிழவியார் முறையிட்டார்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் சமையற்கட்டையும் மாடியையும் மந்திரித்துத் தரச் சென்றோம். தீர்த்தச் செம்போடு படியேறிய நமக்கு மாடியில் கால்வைக்க இடமில்லை. தெருவிலுள்ள பாதி வீடுகளின் மிளகாயும் வடகமும் நெல்லும் அங்கே உலர்ந்துகொண்டிருந்தன. அம்மையார் வெட்கத்தோடு, “சொல்லாமலே கொண்டுவந்து போட்டுட்டுப் போறாங்க சாமி” என்றார். கணவர், அதற்குத்தானே வெளியே படி வேண்டும் என்றாய் என்று மெதுவாகச் சொன்னார். எல்லாருடைய மிளகாயையும் சேர்த்தே மந்திரித்தோம்.

அவ்வாண்டு இறுதி இரவில் ஓலைப்பெட்டி நிறைந்திருந்தது. மறுநாள் தாள்களைப் படிக்கையில், மண்டிக் கணக்குத் தாளின் பின்புறத்தில் இரு வேறு கையெழுத்துகளில், இரு வேறு மையில் எழுதப்பட்ட ஒன்று கிடைத்தது. பட்டியல் நீண்டது. தையல் இயந்திரம், கடுக்காய், பரண், புதுப் பனங்கைகள், தெற்கு வீட்டு ஐயா, அவர் மனைவி, அவர்கள் பிள்ளைகள் இருவர், படகுக்காரர்கள், இருபது படி. சங்கிலி இன்னும் மீளவில்லை, ஆனாலும் வட்டி பாக்கியில்லை. அதற்குக்கீழே கணக்கெழுத்தில் நேர்த்தியாக, “பத்தாம் நாள் பேசியதற்கு” என்றிருந்தது. அதற்கும்கீழே மற்றக் கையெழுத்தில், “சாமி சொன்ன சிமெண்டு உதிர்ந்ததற்கும். இல்லாவிட்டால் கொத்தனார் வந்திருக்கமாட்டார்” என்று எழுதியிருந்தது.

ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. நமது பங்கு இல்லத்தின் ஓட்டுக்கூரை, புத்தக அலமாரிக்கு நேர்மேலே, மூன்றாண்டுகளாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாளி ஒன்றை வைத்துவிட்டு நாம் திருப்தியாயிருந்தோம். சனவரி 2-ஆம் நாள் காலைத் திருப்பலி முடிந்து வந்தபோது, அக்கணவர் ஏணியோடும் ஆறு ஓடுகளோடும் வாசலில் நின்றார். தம் மனைவி அனுப்பியதாகச் சொன்னார். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார், நாம் பிடித்துக்கொண்டோம்.